பாரம் எதில் நிற்குது?

(சான்ட்ரிங்ஹாமில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்படுகிறது.)



புத்தாண்டு மேடையில் மொழி, பண்பாடு, பிள்ளைகளின் படிப்பு பற்றித்தான் வழக்கமாகப் பேசுவார்கள். என்னைப் பேசக் கேட்டபோது, "அண்ணை, உங்களுக்குத் தெரிஞ்ச தொழிலைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று செயலாளர் சொன்னார். எனக்குத் தெரிந்தது மரவேலை. ஊரில் தச்சுப் பட்டறையில் பழகி, இங்கே ஒக்லாந்தில் வீடு கட்டுகிற இடங்களில் வேலை செய்து வாறன். ஆனபடியால் இன்றைக்கு ஆணியையும் ஸ்குரூவையும் பற்றிப் பேசப் போறன். சிரிக்காதையுங்கோ. இந்த மண்டபத்தில் இருக்கிற எத்தனை பேர் வீட்டுப் பின்பக்கத்தில் டெக் போட்டிருக்கிறீர்கள், அல்லது போட நினைத்திருக்கிறீர்கள் என்று கையை உயர்த்தச் சொன்னால், பாதிக் கை மேலே போகும். அதனால்தான் இந்த விஷயம்.

நாங்கள் இந்த நாட்டுக்கு ஒரு பையோடு வந்து, வாடகை வீட்டில் இருந்து, இரண்டு வேலை செய்து, கடன்பட்டு வீடு வாங்குகிற சனம். வாங்கின உடனே டெக் போடுகிறோம். எங்கட வீடுகளில் சனம் கூடாத மாதம் இல்லை. பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி, இன்றைக்குப் போல புத்தாண்டு. வந்த ஆக்களில் பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் டெக்கில். பாட்டுப் போட்டால் பிள்ளைகள் துள்ளுவார்கள். அந்தப் பாரமெல்லாம் எதில் நிற்குது என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

இந்த நாட்டில் நடந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும். 1995 என்றால் எங்களுக்கு ஞாபகம் வருவது ஐப்பசி மாதத்து யாழ்ப்பாண இடப்பெயர்வு. அதே 1995இல், ஏப்ரல் 28ஆம் திகதி, தென்தீவின் மேற்குக் கரையில் பாப்பரோவா தேசியப் பூங்காவுக்குள் கேவ் கிறீக் என்ற இடத்தில் ஒரு பார்வை மேடை சரிந்து விழுந்தது. மரத்தால் கட்டின மேடை. கீழே ஏறத்தாழ 30 மீற்றர் பள்ளம். மேடையில் நின்ற 18 பேரும் அதோடு விழுந்தார்கள். 14 பேர் இறந்தார்கள். அதில் 13 பேர் தை பூட்டினி பொலிடெக்னிக் மாணவர்கள், ஒருவர் பூங்காவைப் பராமரிக்கிற பாதுகாப்புத் திணைக்கள அதிகாரி.

நீதிபதி கிரேம் நோபல் தலைமையில் விசாரணை நடந்தது. மேடையைத் தகுதியான பொறியியலாளர் ஒருவரும் வரைந்து கொடுக்கவில்லை. கட்டிட அனுமதி எடுக்கவில்லை. போல்ட் போட வேண்டிய இடத்தில் ஆணி அடித்திருந்தார்கள். ஏன் தெரியுமா? வேலை நடந்த இடத்துக்குத் துளை போடுகிற ட்ரில்லைக் கொண்டு போகவில்லை. மேடையைப் பின்னுக்குப் பிடித்து வைத்திருக்க வேண்டிய படிக்கட்டும் ஒழுங்காகப் பூட்டப்படவில்லை. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஏற வேண்டாம் என்று வைக்க வேண்டிய பலகையும் வைக்கப்படவில்லை. அப்போதைய அமைச்சர் டெனிஸ் மார்ஷல் 1996இல் பதவி விலகினார். அரசாங்கத் திணைக்களங்களும் குற்றவியல் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று 2002இல் சட்டம் வந்தது. இவ்வளவும் நடந்த பிறகும், அந்த 14 பேரும் திரும்பி வரவில்லை.

"அது காட்டுக்குள்ள, 30 மீற்றர் பள்ளம். எங்கட டெக் ஒரு மீற்றர் உயரம்தானே" என்று நீங்கள் நினைக்கலாம். சான்ட்ரிங்ஹாம் பெரும்பாலும் சமதரை, சரி. ஆனால் மவுண்ட் அல்பேர்ட், மவுண்ட் றொஸ்கில் பக்கம் சரிவில் உள்ள வீடுகளில் பின் டெக் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். கீழே கொங்கிறீற். தொட்டிலோடு ஒரு குழந்தை, கதிரையோடு ஒரு பாட்டி விழுவதற்கு 30 மீற்றர் தேவையில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வீட்டு டெக்குக்கு இங்கே கணக்குப் போடுகிற பாரம் 2 கிலோபாஸ்கல். எங்கட பாஷையில் சொன்னால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 கிலோ. 3 மீற்றர் அகலம், 4 மீற்றர் நீளமுள்ள டெக் 12 சதுர மீற்றர். அது 2,400 கிலோ தாங்க வேண்டும். பெரிதாகத் தெரியுதோ? ஆள் 70 கிலோப்படி 30 பேர் நின்றால் 2,100 கிலோ. அதோடு கதிரை, மேசை, சோத்துப் பானை. எங்கட ஒரு பிறந்தநாள் விழா அந்த எல்லைக்குக் கிட்டப் போய்விடும்.

இந்தப் பாரத்தில் மரம் முறிவது குறைவு. பெரும்பாலும் கழருவது பொருத்துத்தான். ஒரு மரத்தை இன்னொரு மரத்தோடு பிடிக்கிற இடம். ஆகவே ஆணி எப்படிப் பிடிக்குது என்று விளங்க வேண்டும்.

"பசுமரத்தாணி போல" என்று நாங்கள் சொல்லுவோம். பச்சை மரத்தில் ஆணி லேசாக இறங்கும், அது உண்மை. ஆனால் தச்சனைக் கேட்டால் மிச்சக் கதையையும் சொல்லுவான். மரம் காயக் காய அந்த ஆணியின் பிடி தளரும். வழவழப்பான ஆணியை மரநார் இரண்டு பக்கமும் நெரிப்பதாலேதான் அது நிற்குது. மரம் காய்ந்து சுருங்கி, மழையில் ஊறிப் பருத்து, திரும்பக் காய்ந்து வர, அந்த நெரிப்புக் குறையும். இங்கே கடையில் வாங்குகிற மருந்தேற்றின பைன் மரம் பல நேரம் ஈரமாகவே வரும். ஒக்லாந்து மழையையும் வெயிலையும் நான் சொல்லத் தேவையில்லை, ஒரே நாளில் இரண்டும் வரும். அதோடு ஆணியை மரத்தின் வெட்டுமுகத்தில், நார் ஓடுகிற திசையிலேயே அடித்தால் பிடி இன்னும் குறைவு. ஆணி குறுக்கே வெட்டுகிற பாரத்தை ஓரளவு தாங்கும். இழுத்துக் கழற்றுகிற பாரத்தில் தோற்றுப்போகும்.

ஸ்குரூ அப்படியில்லை. அதன் புரி நாருக்குள் கடித்துக்கொண்டு நிற்கும். நாரைக் கிழித்தால்தான் வெளியே வரும். போல்ட் இன்னும் ஒரு படி மேலே. மரத்தை ஊடறுத்துப் போய் மறுபக்கத்தில் வொஷரும் நட்டும் போட்டுப் பிடிக்கும். மரம் சுருங்கினால் நட்டை மறுபடி இறுக்கலாம். பிடிச்சிருக்கோ இல்லையோ என்று கண்ணாலே பார்க்கலாம்.

கடைக்குப் போனால் நூறு வகை ஸ்குரூ இருக்கும். எல்லாம் வெள்ளியாய் மினுங்கும். எது எதற்கு என்று நாலு வகையாகப் பிரித்துச் சொல்லுறன்.

முதலாவது, ஜிப் பலகைக்குப் போடுகிற கறுத்த மெல்லிய ஸ்குரூ. இது சுவர்ப் பலகைக்கு மட்டும். உருக்கு கடினமாயிருக்கும், ஆனால் வளையாது, படக்கென்று முறியும். வெளியில் கெதியாகத் துருப்பிடிக்கும். விலை குறைவு என்று இதை டெக்கின் சட்டத்துக்குப் போட்டதை நான் கண்ணாலே கண்டிருக்கிறன்.

இரண்டாவது, டெக் பலகை ஸ்குரூ. 32 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகைக்கு வழக்கமாக 10 கேஜ், 65 மில்லிமீற்றர் நீளம். இது காலுக்குக் கீழே உள்ள பலகையைப் பிடிப்பதற்கு. சட்டத்தையும் தூணையும் பூட்டுவதற்கு அல்ல.

மூன்றாவது, பாரம் தாங்குகிற அறுகோணத் தலை ஸ்குரூ. 14 கேஜ், அதாவது 6 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய தடிப்பு. நீளம் 100 மில்லிமீற்றர், அதற்கு மேலும் வரும். நுனியில் ஒரு வெட்டு இருக்கும், டைப் 17 என்பார்கள். அந்த வெட்டு மரத்தைத் தானே தோண்டிக்கொண்டு போகும். பைன் மரத்தின் நடுவில் போடும்போது முன்துளை தேவைப்படாது.

நாலாவது, கோச் ஸ்குரூ. 10, 12 மில்லிமீற்றர் தடிப்பு. ஸ்பானரால் திருகுவது. இதற்கு முன்துளை கட்டாயம். இதோடு சேர்த்துத்தான் எம் 12 போல்ட்டும். தூணும் அதன்மேல் படுக்கிற பெரிய வளையும், இங்கே பேரர் என்பார்கள், சேருகிற இடத்தில் எனக்கென்றால் போல்ட்தான் திருப்தி. அந்தப் போல்ட்டுக்கு 50 மில்லிமீற்றர் சதுர வொஷர் போட வேண்டும். சின்ன வட்ட வொஷர் போட்டால், இறுக்கும்போது மரத்துக்குள் புதைந்து போகும்.

எந்த இடத்தில் எத்தனை, எவ்வளவு தடிப்பு என்பதை நானோ கடைக்காரரோ மனம்போனபடி சொல்ல முடியாது. இந்த நாட்டில் மரச்சட்ட வீடுகளுக்கு என்.இசட்.எஸ். 3604 என்ற தரவிதி இருக்கிறது. 2011ஆம் ஆண்டுப் பதிப்பு. எந்தப் பொருத்து எத்தனை கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்று அதில் அட்டவணை உண்டு. ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோப் பாரம். நல்ல ஸ்குரூப் பெட்டியிலும் அல்லது கம்பெனி தருகிற தாளிலும் அந்த ஸ்குரூ எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும். அப்படி ஒன்றும் இல்லாத ஸ்குரூவைப் பாரம் தாங்குகிற இடத்தில் போடாதையுங்கோ.

அடுத்தது நீளம். எந்த மரத்தை எந்த மரத்தோடு பிடிக்கிறோம் என்று பாருங்கோ. புரி முழுக்க இரண்டாவது மரத்துக்குள் இருக்க வேண்டும். முதல் மரத்துக்குள் புரியில்லாத வழவழப்பான கழுத்து இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு மரமும் ஒட்டி இறுகும். புரி இரண்டு மரத்திலும் கடித்தால், எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் ஒரு இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியில் ஸ்குரூ வளையும், தண்ணியும் இறங்கும்.

பிறகு துரு. இது எங்களுக்கு முக்கியம். வெளியில் போடுகிற பைன் மரத்துக்கு மருந்தேற்றியிருப்பார்கள். மரத்தின் நுனியில் எழுதியிருக்கும். டெக் சட்டத்துக்கும் பலகைக்கும் எச் 3.2. வீட்டைத் தாங்குகிற மாதிரி நிலத்துக்குள் இறங்குகிற தூணுக்கு எச் 5. வீட்டுக்குள் சுவருக்குப் போடுகிற எச் 1.2 மரத்தை வெளியில் போட்டால் உளுத்துப் போகும். இந்த வெளிமரத்து மருந்தில் செம்பு இருக்கிறது. செம்பும் ஈரமும் சேர்ந்தால் நாகம் பூசின ஸ்குரூவைக் கெதியாக அரித்துவிடும், சில புதிய மருந்துகளில் இன்னும் கூட. மெல்லியதாக மின்முறையில் நாகம் பூசின மினுமினுப்பு ஸ்குரூ வெளியில் நின்றுபிடிக்காது. உருக்கின நாகத்தில் தோய்த்தெடுத்தது, சற்று மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும், அது மேல். நனைகிற இடத்துக்கு துருப்பிடிக்காத உருக்கு எல்லாவற்றிலும் பாதுகாப்பு.

ஒக்லாந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில் இருக்கிற நகரம். அந்தத் தரவிதியின்படி கடலிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் 500 மீற்றருக்குள் இருக்கிற இடம் உப்புக்காற்று வலயம். பருத்தித்துறையில் ஜன்னல் கம்பி எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரியும்தானே. அந்த வலயத்தில் துருப்பிடிக்காத உருக்குத்தான். ஒன்று கவனியுங்கோ. நாகம் பூசின தகட்டுக்குத் துருப்பிடிக்காத ஸ்குரூ போடக்கூடாது. இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் நாகம் அரிபடும். தகடு எதுவோ ஸ்குரூவும் அதுவாக இருக்க வேண்டும்.

இனிப் பூட்டுகிற முறை. ஊரில் வைரமேறின பனஞ் சலாகையில் ஆணி அடிக்க முதல் தச்சர்மார் துறப்பணத்தால் துளை போடுவார்கள். போடாமல் அடித்தால் ஆணி வளையும், இல்லாவிட்டால் மரம் வெடிக்கும். கோச் ஸ்குரூவுக்கும் அதே புத்திதான். முதல் மரத்தில் கழுத்தின் அளவுக்குத் துளை. இரண்டாவது மரத்தில் அதைவிடச் சின்னத் துளை. எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. ட்ரில் அலகை ஸ்குரூவுக்கு முன்னால் பிடித்து ஒரு கண்ணால் பாருங்கோ. ஸ்குரூவின் நடுத்தண்டு அலகுக்குப் பின்னால் மறைய வேண்டும், புரி மட்டும் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். அதுதான் அளவு.

மரத்தின் நுனிக்குக் கிட்டப் போடாதையுங்கோ. தடிப்பைப்போல எட்டு மடங்கு உள்ளே தள்ளிப் போடுவது நல்ல கைக்கணக்கு. 12 மில்லிமீற்றர் போல்ட் என்றால் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர். எல்லா ஸ்குரூவையும் ஒரே நாரில் வரிசையாகப் போட்டால் அந்த வரியில் மரம் பிளக்கும். சற்று ஏற்ற இறக்கமாகப் போடுங்கோ. கோச் ஸ்குரூவைச் சுத்தியலால் அடித்து இறக்கிப்போட்டுக் கடைசிச் சுற்றை மட்டும் ஸ்பானரால் திருகுகிற ஆக்கள் இருக்கினம். அடித்து இறக்கின புரி நாரைக் கிழித்துப்போடும். பிறகு அது ஸ்குரூ அல்ல, ஆணி. இறுக்கும்போது வொஷர் மரத்தில் நன்றாக ஒட்டியதும் நிறுத்துங்கோ. மெஷினை விடாமல் பிடித்தால் தலை முறியும், அல்லது உள்ளே புரி தேய்ந்து சும்மா சுற்றும். சும்மா சுற்றுகிற ஸ்குரூ ஒரு கிலோவும் தாங்காது.

இந்தப் பகுதியில் பழைய பங்களோ வீடுகள் கனக்க. 1920கள் காலத்து வீடுகளின் சட்டத்தில் றிமு, மாட்டாய் போன்ற இந்த நாட்டு மரம் இருக்கும். நூறு வருடம் காய்ந்த மரம், எங்கட முதிரை மாதிரி. முன்துளை போடாமல் அதில் ஸ்குரூ இறக்கினால் முறிந்து உள்ளே நிற்கும். புரியில் கொஞ்சம் மெழுகு தடவினால் லேசாக இறங்கும்.

டெக்கை வீட்டுச் சுவரோடு பூட்டுகிற நீளச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பழைய வீடு ஒன்றை வாங்கியது. மகளின் சடங்குக்கு 60 பேருக்குச் சொல்லியிருந்தார்கள். கூடாரம் கட்ட உதவிக்குப் போன நான் டெக்குக்குக் கீழே லைட் அடித்துப் பார்த்தன். அந்தச் சட்டம் சுவரின் வெளிப்பலகையில் மட்டும், வெறும் ஆணியில் நின்றது. வெளிப்பலகை மழைக்கு மறைப்பு. அது பாரம் தாங்காது. அதற்கு உள்ளே இருக்கிற கனத்த சட்டத்தில்தான் போல்ட்டோ கோச் ஸ்குரூவோ போய்ப் பிடிக்க வேண்டும். சடங்கைக் கராஜுக்கும் புல்தரைக்கும் மாற்றினோம். சிலருக்கு முகம் சரியில்லை. பரவாயில்லை. பிறகு டெக்கைக் கழற்றித் திருத்தினார்கள்.

அந்தச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணி வடிந்து காய ஒரு சின்ன இடைவெளியும் வேண்டும். 2015இல் அமெரிக்காவில் பேர்க்லி நகரில் ஒரு பிறந்தநாள் விழாவில் பல்கனி விழுந்து ஆறு இளம் பிள்ளைகள் இறந்தார்கள். ஈரம் தங்கி மரம் உள்ளே உளுத்திருந்தது. உளுத்த மரத்தில் எவ்வளவு நல்ல ஸ்குரூவும் பிடிக்காது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். டெக் விழுந்தாலும் ஒருவர் 1.5 மீற்றருக்கு மேல் விழ முடியாது என்றால், 2004ஆம் ஆண்டுக் கட்டிடச் சட்டத்தின்படி அனுமதி எடுக்கத் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் அனுமதி வேண்டும். விழுகிற உயரம் ஒரு மீற்றர் என்றாலே கைபிடித் தடுப்பு வேண்டும். அனுமதி தேவையில்லை என்பதற்கு, எப்படியும் கட்டலாம் என்று அர்த்தமில்லை. கட்டிட விதி எல்லா டெக்குக்கும் பொருந்தும். உயரமான டெக் என்றால் உரிமம் பெற்ற கட்டுநரைப் பிடியுங்கோ. அவருடைய கூலி உங்களுக்குப் பெரிதாகத் தெரியும். தெரிந்த பெடியன் மலிவாகச் செய்து தருவான் என்றால், அவனிடம் இரண்டு கேள்வி கேளுங்கோ: சட்டத்துக்கு என்ன ஸ்குரூ போடுறாய்? முன்துளை போடுவியோ? பதில் வராவிட்டால் நன்றி சொல்லி அனுப்புங்கோ.

வாடகை வீட்டில் இருக்கிற ஆக்களுக்குத் தனியாகச் சொல்லுறன், அவைதான் என் மனதில் கூட நிற்கினம். டெக் ஆடுது என்று சொன்னால் வீட்டுக்காரர் எழுப்பிவிடுவார் என்ற பயத்தில் பேசாமல் இருக்கினம். பயந்து பயந்து வந்த சனம், எனக்கு விளங்குது. ஆனால் 1986ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. முறைப்பாடு செய்ததற்காகப் பழிவாங்கி எழுப்பவும் சட்டம் விடாது. படம் எடுத்து, திகதி போட்டு, எழுத்தில் அறிவியுங்கோ. ஆங்கிலத்தில் எழுத உதவி வேண்டுமென்றால் எங்கட பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கோ.

எங்களுக்குச் சித்திரை வெயில் காலம். இங்கே இலையுதிர் காலம், இனி மழை. மழைக்கு முதல் இந்தக் கிழமை ஒரு லைட்டையும் ஒரு பழைய திருகுசாவியையும் எடுத்துக்கொண்டு உங்கட டெக்குக்குக் கீழே குனிந்து பாருங்கோ. சுவரோடு சட்டத்தைப் பிடித்திருப்பது ஆணியோ, ஸ்குரூவோ, போல்ட்டோ? தலையைச் சுற்றிச் செந்துரு வழிந்திருக்கோ? நட்டுக் கழன்று கையால் சுற்றுதோ? திருகுசாவி நுனியால் மரத்தைக் குத்தினால் மெத்தென்று உள்ளே போகுதோ? இதில் ஒன்றுக்கேனும் சந்தேகம் என்றால், திருத்தும்வரை அதில் சனத்தை ஏற்றாதையுங்கோ. ஆரும் கோபித்தால் கோபிக்கட்டும். பார்க்கத் தெரியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கோ, சனிக்கிழமைகளில் வந்து பார்த்துச் சொல்லுவன். காசு வேண்டாம், ஒரு பிளேன்ரீ போதும்.